கிளினிக் கொப்பியில் எழுதப்படாத கோப்பி: இருதய நோயாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒருவரிடம் யாழ்ப்பாணத்தில் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். குளிசைகளின் பெயரும் அளவும், அடுத்த கிளினிக் திகதியும், ஈசிஜி, எக்கோ முடிவுகளும் அதில் எழுதப்பட்டிருக்கும். கொப்பியில் கோப்பியைப் பற்றி ஒரு வரிகூட இராது. விடுதியை விட்டுப் புறப்படும் கடைசி நிமிடத்தில் கூட வந்தவர்களில் ஒருவர் "டொக்டர், இவர் கோப்பி குடிக்கலாமோ?" என்று கேட்பார், "அளவாக் குடிக்கலாம்" என்று பதில் கிடைக்கும். அந்த 'அளவாக' என்ற சொல் வீட்டுக்கு வீடு வேறு பொருள் கொள்கிறது. ஒரு வீட்டில் கோப்பித்தூள் போத்தல் அன்றைக்கே அயல்வீட்டுக்குப் போய்விடுகிறது. இன்னொரு வீட்டில் நாளுக்கு ஐந்து பேணியும் 'அளவு' என்றே கொள்ளப்படுகிறது.

இந்தக் கேள்வியே சற்று இடம் மாறிக் கேட்கப்படுகிறது என்பது என் எண்ணம். இருதய நோயாளருக்குக் கோப்பிக் கொட்டையால் வரும் தீங்கு, நாம் அஞ்சுமளவுக்குப் பெரியதன்று. அது எப்படிக் காய்ச்சப்படுகிறது, அதோடு என்ன சேர்கிறது, எந்த நேரத்தில் எந்தக் குளிசையோடு குடிக்கப்படுகிறது என்பவற்றில்தான் பெரும்பாலான தவறுகள் நிகழ்கின்றன.

பயந்து ஒரே நாளில் நிறுத்துவது

கோப்பி இருதயத்துக்கு ஆகாது என்ற எண்ணம் காரணமின்றி வந்ததன்று. கோப்பி குடித்த சிறிது நேரத்தில் நெஞ்சு படபடப்பதைப் பலர் தம் உடலிலேயே உணர்ந்திருக்கிறார்கள். கோப்பியிலுள்ள கஃபீன், உடலில் அடினோசின் என்ற பொருள் சென்று அமர வேண்டிய இடங்களை மறித்துக்கொள்கிறது. அடினோசின் சோர்வையும் உறக்கத்தையும் தருவது என்பதால், அது தடைப்படும்போது விழிப்பும் சுறுசுறுப்பும் கூடுகின்றன, குருதி அமுக்கமும் சில மணித்தியாலங்களுக்கு உயர்கிறது. இவ்வளவும் உண்மையே. ஆனால் இந்தத் தற்காலிக விளைவிலிருந்து, நாள்தோறும் கோப்பி குடிப்பவரின் இருதயம் நாளடைவில் கெட்டுவிடும் என்ற முடிவுக்குப் பாய்வதற்கு ஆய்வுகள் இடம் தரவில்லை.

நெதர்லாந்தில், மாரடைப்பு வந்து பிழைத்த 60 முதல் 80 வயது வரையான 4,365 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. நாளுக்கு இரண்டு கோப்பைக்கு மேல் கோப்பி குடித்தவர்களிடையே இருதய நோயால் நேர்ந்த இறப்பு, குறைவாகக் குடித்தவர்களிடையே நேர்ந்ததை விடக் குறைவாகவே இருந்தது. பிரேசிலில் இருதயப் பலவீனம் உள்ள 51 நோயாளருக்கு ஐந்து மணித்தியாலத்துள் 500 மில்லிகிராம் கஃபீன் கொடுத்துப் பார்த்தபோதும், கஃபீன் இல்லாத பானம் குடித்த வேளையை விட ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் கூடவில்லை என்று 2016இல் அறிவிக்கப்பட்டது. அண்மையில், 2025இல் வெளிவந்த ஆய்வு இன்னும் வியப்பானது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு மின்னதிர்ச்சியால் சீராக்கப்பட்ட 200 பேரில் ஒரு சாராரைக் கோப்பி குடிக்கவும், மற்றச் சாராரைக் கஃபீனை முற்றாகத் தவிர்க்கவும் சொன்னார்கள். ஆறு மாதத்துள் கோப்பி குடித்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும், தவிர்த்தவர்களில் 64 சதவீதத்தினருக்கும் அந்தக் கோளாறு திரும்ப வந்தது.

இதை வாசித்துவிட்டு, கோப்பி குடித்திராதவர் இனிக் குடிக்கத் தொடங்குவது எதிர்ப்பக்கத்துத் தவறாகும். நெதர்லாந்து ஆய்வு, மக்கள் தாமாகவே தெரிந்துகொண்ட பழக்கத்தைக் கவனித்தது மட்டுமே. உடல்நிலை மோசமானவர்கள் முன்கூட்டியே கோப்பியைக் குறைத்திருக்கக்கூடும் என்பதால், குறைந்த இறப்புக்குக் கோப்பியே காரணம் என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. 2025ஆம் ஆண்டின் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் ஏற்கெனவே கோப்பிப் பழக்கம் உள்ளவர்கள். ஆகவே குடித்துப் பழகியவர் நிலைமை சீராக இருக்கும்போது அளவோடு தொடர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இவை ஆதாரமாகுமே தவிர, கோப்பியை மருந்தாக்குவதற்கு ஆதாரமாகா.

ஒரே நாளில் முற்றாக நிறுத்துவதில் வேறொரு சிக்கலும் உண்டு. நிறுத்திய 12 முதல் 24 மணித்தியாலத்துள் தலையிடி, சோர்வு, எரிச்சல் ஆகியவை தொடங்கி, சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். கந்தசஷ்டியின் ஆறு நாள் விரதத்தில் முதலிரு நாளும் வருத்தும் தலையிடியைப் பசியின் தலையில் போட்டுவிடுகிறோம். அதில் ஒரு பங்கு கோப்பியும் தேநீரும் நின்றுபோனதால் வருவது. இருதய நோயாளருக்கு இது சிறு தொல்லையோடு முடிவதில்லை. நெஞ்சுவலிக்குக் கொடுக்கப்படும் நைற்றேற் வகைக் குளிசைகளும் தலையிடி தருபவை. கோப்பியை நிறுத்திய அதே வாரத்தில் புதிய குளிசையும் தொடங்கியவர், வலி எதனால் வந்தது என்று தெரியாமல் குளிசையைக் கைவிட்டுவிடுவதுண்டு. குறைக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தால், அரைக் கோப்பை அரைக் கோப்பையாகக் குறைத்து, ஒன்றிரண்டு வாரத்தில் அவர் சொன்ன அளவுக்கு வந்து சேர்வதே நல்லது.

பேணியைக் கோப்பை என்று எண்ணுவது

ஆய்வுகளில் ஒரு கோப்பை என்று சொல்லப்படுவது ஐரோப்பாவில் 125 முதல் 150 மில்லிலீற்றர். அமெரிக்காவில் ஏறக்குறைய 240. நம் வீடுகளில் விளிம்பு வரை வார்க்கும் சில்வர் பேணியோ அமெரிக்கக் கோப்பையையும் மிஞ்சக்கூடியது. 'மூன்று கோப்பை வரை பிழையில்லை' என்று எங்கோ வாசித்துவிட்டு மூன்று பேணி குடிப்பவர், அந்த ஐரோப்பியக் கணக்கில் ஐந்து ஆறு கோப்பை குடித்துவிடுகிறார். உங்கள் பேணி எவ்வளவு கொள்ளும் என்பதை ஒருமுறை, மருந்துக் கடையில் பாணி மருந்தோடு தரும் சின்ன அளவுக் கிண்ணத்தாலாவது அளந்து பார்த்துவிடுங்கள். அதன்பின் அளக்கத் தேவையில்லை.

கோப்பியை மட்டும் எண்ணித் தேநீரை எண்ணாமல் விடுவதும் இதே கணக்குப் பிழைதான். காய்ச்சிய கோப்பி ஒரு சிறு கோப்பையில் 60 முதல் 100 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம். தேநீரில் ஏறக்குறைய 30 முதல் 50. காலையில் கோப்பி, பத்து மணிக்குப் பிளேன்ரீ, மூன்று மணிக்குப் பால் தேத்தண்ணி, மாலையில் வந்தவர்களோடு மறுபடியும் கோப்பி என்று போகும் நாளில், எல்லாம் சேர்த்தே பார்க்க வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015இல், நலமாக உள்ள பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், ஒரே தடவையில் 200 மில்லிகிராம் வரை கவலைக்குரியதன்று என்று வரையறுத்தது. அது நலமானவர்களுக்கான எல்லை. இருதய நோயாளர் அந்த எல்லையைத் தொட்டுப் பார்க்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. நாளுக்கு ஒன்று முதல் மூன்று சிறு கோப்பை என்பதே, தடை சொல்லப்படாத பெரும்பாலானோருக்குப் பொருத்தமான அளவாக எனக்குப் படுகிறது. கடைகளில் இளைஞர் வாங்கும் 250 மில்லிலீற்றர் 'எனர்ஜி' பானத் தகரத்தில் 80 மில்லிகிராம் கஃபீனோடு வேறு தூண்டிகளும் சேர்ந்திருப்பதால், துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடாமலிருப்பதே மேல்.

வீட்டில் வறுத்து இடிக்கும் தூளில் மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் சேர்ப்பதால் 'இது கோப்பியில்லை, கசாயம்' என்று சொல்லிக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறவர்களும் உண்டு. தனி மல்லித் தண்ணீரில் கஃபீன் இல்லை என்பது சரி. கோப்பிக் கொட்டை கலந்த தூளில், கலந்த அளவுக்குக் கஃபீன் இருக்கவே செய்யும். இலங்கையின் கோப்பித் தோட்டங்களை 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அழித்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்ட பின்னரும், தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் துக்கத்துக்கும் நம்மவர்கள் கோப்பியைத்தான் தேடுகிறார்கள். அந்தப் பழக்கத்தால் அதற்கு மருந்து என்ற பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மண்டியோடு குடிப்பது

யாழ்ப்பாணத்து இருதய நோயாளர்களுள் மிகக் குறைவானோர் அறிந்த செய்தி இதுவாகவே இருக்கும். கோப்பிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டோல், கஃவியோல் என்ற இரு பொருள்கள் உண்டு. இவை குருதியில் தீய கொலஸ்ரரோலை உயர்த்துபவை. தூளை நீரோடு கொதிக்க விட்டு, மண்டி அடியில் படிந்ததும் மேலால் இறுத்துக் குடிக்கும்போது, அந்த எண்ணெயும் கோப்பியோடு வந்துவிடுகிறது. நோர்வேயின் வடபகுதியில் முன்னர் கோப்பி காய்ச்சிய முறையும் இதுவே. அங்குள்ள துரொம்சோ நகரில் நடந்த இருதய ஆய்வு 1983இல் வெளியானபோது, கூடுதலாகக் கோப்பி குடித்தவர்களுக்குக் கொலஸ்ரரோலும் கூடியிருப்பது தெரியவந்தது. அதன் காரணத்தைத் தேடிப் போனபோதுதான் காய்ச்சும் முறையின் பங்கு துலங்கியது.

பின்னர் அதே நாட்டில் 20 முதல் 79 வயது வரையான 508,747 பேரைச் சராசரியாக இருபது ஆண்டுகள் தொடர்ந்த பெரிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. வடிகட்டிய கோப்பி குடித்தவர்களிடையே இறப்பு, கோப்பியே குடிக்காதவர்களை விடக் குறைந்திருந்தது. வடிகட்டாத கோப்பியோ, 60 வயதைத் தாண்டிய ஆண்களிடையே இருதய நோய் இறப்புக் கூடுவதோடு தொடர்புபட்டிருந்தது. நம் ஊரில் ஸ்ரென்ற் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள் பலர் இந்த வயதினர்தாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்காக வெளிநாட்டுக் கடதாசி வடியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கிடைத்தால் நல்லது, அதுவே எண்ணெயை நன்றாகப் பிடித்து நிறுத்துகிறது. கிடைக்காவிட்டால், பாட்டி காலத்துத் துணி வடி போதும். கொதிக்க வைத்த கோப்பியைத் துணியில் வடித்தபோதும் இந்தப் பொருள்களின் பெரும்பகுதி நீங்கிவிட்டதாகச் சுவீடனில் 2025இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தடித்த பருத்தித் துணியில், மெதுவாக, பிழியாமல் வடிக்க வேண்டும். பிழிந்தால் மண்டியின் எண்ணெயும் கூடவே இறங்கிவிடும். கம்பி வலை வடியோ பிளாஸ்டிக் வடியோ தூளைப் பிடிக்குமே தவிர எண்ணெயைப் பிடிக்காது. உடனடிக் கோப்பித் தூளில் இப்பொருள்கள் மிகச் சிறிதளவே உள்ளன. மணம் குறைவு என்று அதை இகழ்பவர்களில் நானும் ஒருத்தி, ஆனால் கொலஸ்ரரோல் குறையாமல் நிற்கும் ஒருவருக்கு அதுவும் ஒரு வழி.

கொலஸ்ரரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் குளிசையை இரவில் ஒழுங்காகப் போட்டுவிட்டு, நாளுக்கு நான்கு தடவை மண்டிக் கோப்பி குடிப்பவர், அடுத்த கிளினிக்கில் எண் குறையவில்லை என்று குளிசையைக் குறை சொல்கிறார். காய்ச்சும் முறையை மாற்றிவிட்டு அடுத்த பரிசோதனை வரை பார்த்தால், ஒரு சிறு பங்காவது குறைவது தெரியவரலாம்.

கோப்பியை விட்டுவிட்டுச் சீனியை வைத்திருப்பது

என் உறவினர் ஒருவர், சலரோகமும் மாரடைப்பும் சேர்ந்து வந்தவர், கோப்பியை முற்றாக விட்டுவிட்டார் என்று பெருமையாகச் சொன்னார். அதற்குப் பதிலாக என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். காலையும் மாலையும் மோல்ற் மாப்பானம், பால்மாவும் இரண்டு கரண்டி சீனியும் போட்டு, 'உடம்புக்குத் தென்பு வர' என்றார். கசந்த கோப்பி போய், இனிப்பான மோல்ற் வந்திருக்கிறது. அவருடைய இருதயத்துக்கு அது கொஞ்சமும் நன்மையான மாற்றமன்று.

கணக்கை எளிதாகப் பார்க்கலாம். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். நாளுக்கு மூன்று பானம், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி என்றால் 36 கிராம். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கப்படும் சர்க்கரையை நாளுக்குக் கிடைக்கும் சக்தியில் பத்திலொன்றுக்குள் வைக்கவும், இயலுமானால் இருபதிலொன்றுக்குள், அதாவது ஏறக்குறைய 25 கிராமுக்குள், குறைக்கவும் சொல்கிறது. சோறும் பலகாரமும் தொடுவதற்கு முன்னரே கோப்பிப் பேணி அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. டின்பால் ஊற்றுபவர்கள் சீனி போடவில்லை என்று நினைக்கிறார்கள். இனிப்பூட்டிய டின்பாலின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். முழு ஆடைப் பால்மாவில் நூற்றுக்கு 26 பங்குக்குக் குறையாத பாற்கொழுப்பு உண்டு. மூன்று பேணிக்கும் குவித்துக் குவித்துப் போடும்போது அது சிறிய அளவாக இராது. ஆடை நீக்கிய பால்மா, அல்லது குறைந்த பால், அல்லது வெறுங்கோப்பி என்ற வரிசையில் மெல்ல மாறிக்கொள்ளலாம்.

பனங்கட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே நம் ஊர்ப்பற்றும் குறுக்கே வந்து நிற்கிறது. பிளேன்ரீயோடும் வெறுங்கோப்பியோடும் பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பதில் உள்ள சுவையை நான் மறுக்கவில்லை. அதில் சீனியில் இல்லாத கனியுப்புகள் சிறிதளவு உண்டு. ஆயினும் அதன் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்குரோஸ்தான். 'பனையில வந்தது, சலரோகத்துக்குப் பிழையில்லை' என்று சொல்லி நாளுக்கு நாலைந்து துண்டு கடிக்கும் இருதய நோயாளர், தமக்குத் தெரியாமலே சீனிப் போத்தலைத் திறந்து வைத்திருக்கிறார். ஒரு துண்டை நான்காக உடைத்து, ஒன்றை ஒரு கோப்பைக்கு வைத்துக்கொள்வது நடைமுறையில் இயலும் வழி. கோப்பியோடு கூடவே வரும் வடையும் ரோல்ஸும் மிக்சரும் எண்ணெய்க்கும் உப்புக்கும் உரிய தனிக் கணக்கு. கோப்பியின் மேல் விழுந்த பழியில் ஒரு பங்கு அவற்றுக்குரியது.

கிளினிக் காலையில் குடிப்பது

நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் குறிகாட்டுவானுக்கு வந்து, பேருந்து ஏறி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வரும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வெறுவயிற்றில் குருதி கொடுக்க வேண்டும் என்பதால் ஒன்றும் குடிக்காமல் வந்திருப்பார். குருதி எடுத்து முடிந்ததும் முதல் வேலையாக வெளியே கடையில் ஒரு கடுங்கோப்பி. அது முடிந்த பத்து நிமிடத்தில் குருதி அமுக்கம் பார்க்க வரிசையில் நிற்பார். கஃபீன் பழக்கமில்லாதவருக்கோ, இரவு முழுதும் குடிக்காமல் இருந்தவருக்கோ, ஒரு கடுங்கோப்பி அமுக்கத்தின் மேல் எண்ணை 5 முதல் 10 வரை உயர்த்திவிடலாம். அது இரண்டு மூன்று மணித்தியாலம் நிற்கலாம். அந்த எண்ணைப் பார்த்துக் குளிசையின் அளவு கூட்டப்பட்டால், கோப்பி இல்லாத நாட்களில் அமுக்கம் தாழ்ந்து தலைச்சுற்று வரும். அளப்பதற்கு முன்னர் குறைந்தது 30 நிமிடம் கோப்பி, தேநீர், புகை எதுவும் கூடாது என்பது பொதுவான விதி. அன்றைக்கு மட்டுமாவது அளந்து முடித்த பின்னர் குடிப்பது இன்னும் நல்லது. 'குருதிப் பரிசோதனைக்குச் சாப்பிடக் கூடாது, கோப்பி குடிக்கலாம்தானே' என்பதும் தவறு. வெறுவயிறு என்றால் தண்ணீர் மட்டுமே.

மருந்தூசி ஏற்றி இருதயத்தைச் சோதிக்கும் சில பரிசோதனைகளில் அடினோசின் அல்லது அதையொத்த மருந்து கொடுக்கப்படும். கஃபீன் அதே இடத்தை மறித்து நிற்பதால் முடிவு பிழைத்துவிடும். அதற்கு 12 முதல் 24 மணித்தியாலம் முன்னரே கோப்பி, தேநீர், சொக்லேற் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். அப்படிச் சொல்லியும் குடித்துவிட்டால், மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. இன்னொரு திகதி கிடைக்கத் தாமதமாகும் என்று மறைப்பவர்களுக்குப் பொய்யான ஆறுதலே மிஞ்சும்.

அமுக்கம் மிகவும் கூடிக் கட்டுப்படாமல் இருப்பவர்கள் வேறு வகையினர். ஜப்பானில் 40 முதல் 79 வயது வரையான பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்த ஆய்வு 2022இல் வெளியானது. அமுக்கம் 160/100 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில், நாளுக்கு இரண்டு கோப்பை அல்லது கூடுதலாகக் கோப்பி குடித்தவர்களுக்கு இருதய, குருதிக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து, குடிக்காதவர்களை விட ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. ஒரு கோப்பையோடு நின்றவர்களிடம் அந்தக் கூடுதல் காணப்படவில்லை. ஆகவே 'கோப்பி பிழையில்லையாம்' என்று பொதுவாகச் சொல்லப்படுவது இவர்களுக்குப் பொருந்தாது. அமுக்கம் இறங்கும் வரை ஒரு சிறு கோப்பையோடு நிற்க வேண்டியவர்கள் இவர்கள்.

சுருட்டை விட்டபின் பழைய அளவில் குடிப்பது

மாரடைப்பு வந்த அதிர்ச்சியில் சிகரெற்றையும் சுருட்டையும் விட்டுவிடுபவர்கள் பலர். அதைவிட நல்ல காரியம் வேறில்லை. ஆனால் புகையிலைப் புகையில் உள்ள தார்ப் பொருள்கள், கஃபீனை உடைக்கும் ஈரலின் நொதியத்தை முடுக்கிவிட்டிருக்கும். புகைப்பவர் உடலிலிருந்து கஃபீன் விரைவாக வெளியேறுவதால், அவர் கூடுதலாகக் குடித்துப் பழகியிருப்பார். புகை நின்றதும் அந்த முடுக்கம் சில நாட்களில் தணிகிறது. அதே நான்கு பேணி இப்போது குருதியில் ஏறக்குறைய இருமடங்கு கஃபீனை நிறுத்திவிடலாம். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், உறக்கமின்மை எல்லாம் வரும். 'சுருட்டை விட்டதால்தான் இப்படி' என்று எண்ணி, அவர் மறுபடியும் சுருட்டைத் தேடிப் போகிறார். புகையை விடுகிற அன்றே கோப்பியைப் பாதியாக்கிக்கொண்டால், இந்தத் தொல்லை பெருமளவு குறையும். இதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு.

குளிசைகளைக் கோப்பியோடு விழுங்குவது

அஸ்பிரினை வெறுவயிற்றில் கடுங்கோப்பியோடு விழுங்குவது இரைப்பையைப் புண்ணாக்கும் வழி. உணவுக்குப் பின்னர் தண்ணீரோடு எடுக்க வேண்டும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அது குருதிக் கசிவாக இருக்கலாம் என்பதால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். தைரொயிட் குளிசையும் இரும்புச்சத்துக் குளிசையும் கோப்பியோடு சேர்ந்தால் உடலில் சரியாகச் சேர்வதில்லை. தைரொயிட் குளிசைக்கும் முதல் கோப்பிக்கும் இடையே அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் விட வேண்டும். இழுப்புக்குத் தியோபிலின் எடுப்பவர்களும், சிப்ரோபுளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எடுப்பவர்களும் படபடப்பு வந்தால் முதலில் கோப்பியைக் குறைக்க வேண்டும். தியோபிலின் கஃபீனின் ஒன்றுவிட்ட சகோதரன் போன்றது. சிப்ரோபுளொக்சசினோ கஃபீன் உடலை விட்டுப் போவதைத் தாமதப்படுத்துகிறது.

இரவுக் கோப்பி

செத்தவீட்டில் இரவு முழுதும் விழித்திருக்கிறவர்களுக்குக் கோப்பி கொடுப்பது நம் வழக்கம். கோயில் திருவிழா இரவுகளிலும் அப்படியே. மறுக்க முடியாத அன்பு அது. ஆனால் இருதய நோயாளருக்கு இரவு வேளையில் மூன்று கோப்பி என்பது, உறக்கம் இழப்பதும், இரவுக் குளிசை மறப்பதும், விடியற்காலையில் அமுக்கம் ஏறுவதும் சேர்ந்து வரும் ஒரு தொடர். கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும். மாலை ஐந்து மணிக் கோப்பியில் பாதி, இரவு பத்து மணிக்கும் உடலில் நிற்கிறது. அமெரிக்காவில் நலமான நூறு பேரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், கோப்பி குடித்த நாட்களில் அவர்கள் சராசரியாக 36 நிமிடம் குறைவாகவே உறங்கினார்கள்; இருதயத்தின் கீழறையிலிருந்து எழும் மிகைத் துடிப்புகளும் நாளுக்கு 102இலிருந்து 154 ஆகக் கூடின. பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குப் பின்னர் கஃபீன் உள்ள எதையும் தொடாமல் இருப்பது நல்ல எல்லை. செத்தவீட்டில் யாரேனும் வற்புறுத்தினால், மல்லித் தண்ணீரோ சுடுதண்ணீரோ கேட்டு வாங்கிக் குடித்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

இருதயப் பலவீனம் உள்ளவர்களுக்கு நாளுக்கு ஒன்றரை லீற்றர் என்று நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருந்தால், கோப்பியும் அந்த ஒன்றரை லீற்றருக்குள்தான் அடங்குகிறது. 'தண்ணி குறைச்சுக் குடிக்கச் சொன்னவை, கோப்பியைச் சொல்லேல்லை' என்று ஒருவர் சொல்லக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். கால் வீங்கி மூச்சு முட்டி மறுபடியும் விடுதிக்குப் போனவருக்கு அது சிரிப்பன்று.

நெஞ்சுவலிக்கு வேர்க்கொம்புக் கோப்பி

எல்லாத் தவறுகளிலும் இதுவே ஆளைக் கொல்லக்கூடியது. நெஞ்சு இறுகுகிறது, இடது கையோ தாடையோ வலிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. வீட்டில் உள்ளவர் 'வாய்வு பிடிச்சிட்டுது' என்று சொல்லி, உள்ளியும் வேர்க்கொம்பும் மிளகும் தட்டிப் போட்ட கோப்பி வைத்துக் கொடுக்கிறார். குடித்துவிட்டு ஒரு ஏவறை வந்தால் எல்லோரும் ஆறுதல் கொள்கிறார்கள். வலி அப்படியே நிற்கிறது. 'இன்னும் ஒரு பேணி குடியுங்கோ, இறங்கிவிடும்' என்று இரண்டாவது மணித்தியாலமும் கழிகிறது. அடைத்த குருதிக்குழாயின் கட்டியைக் கரைக்கும் மருந்தும், குழாயை விரிக்கும் சிகிச்சையும் முதல் மணித்தியாலங்களில்தான் மிகக் கூடுதலாகப் பயன் தருகின்றன. ஒவ்வொரு பேணிக்கும் இருதயத் தசையில் ஒரு பங்கு போய்க்கொண்டிருக்கிறது. சலரோகம் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் வலி தெளிவாக இராமல், வெறும் மூச்சு முட்டலாகவோ வயிற்றுப் பொருமலாகவோ வருவதால், வாய்வு என்ற எண்ணம் இன்னும் எளிதில் வந்துவிடுகிறது.

ஏற்கெனவே இருதய நோய் உள்ள ஒருவருக்கு, நெஞ்சில் புதிதாக ஓர் இறுக்கம் வந்து, நாக்கின் கீழ் வைக்கும் குளிசைக்கும் ஐந்து நிமிடத்துள் அடங்காவிட்டால், சுவசெரிய அம்புலன்ஸை 1990 என்ற இலக்கத்தில் அழைக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏற்றி அனுப்பக்கூடாது. அம்புலன்ஸ் வரும் வரை அவரைச் சாய்ந்த நிலையில் அமர்த்தி வைத்து, கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் எடுத்து வையுங்கள். அந்த வேளையில் அவர் கோப்பி கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வைத்தியசாலையில் உடனே சிகிச்சை தொடங்க வேண்டியிருந்தால், நிறைந்த வயிற்றோடு வந்தவருக்கு வாந்தியால் மூச்சுக்குழாய் அடைபடும் ஆபத்து உண்டு.